நிலவறைத் துண்டுகள் கையால் செய்வது: நம் பக்கத்து ஈரத்துக்கு எது தாங்கும்?

அரசலாறு எழுதியது:

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட மேசையில் நிலவறைத் தரையும் சுவருமாக அடுக்கும் துண்டுகள், அதில் என் முதல் செட் மொத்தமும் போன ஐப்பசியில் போய்விட்டது. 42 துண்டுகள். கூரியர் பெட்டி அட்டையை மூன்றடுக்காக ஒட்டி, மேலே கல் பாவிய தரை மாதிரி கீறி, கறுப்படித்து, அதன் மேல் சாம்பல் நிறம் ஒற்றி, வார விடுமுறை எல்லாம் அதற்கே கொடுத்து மூன்று மாதத்தில் முடித்தேன். பத்து நாள் விடாத மழை. பரணிலிருந்து இறக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றும் பொரித்த அப்பளம் போல நெளிந்து கிடக்கிறது. இரண்டை அருகருகே வைத்தால் நடுவில் தீக்குச்சி நுழைகிறது, பொம்மையை நிறுத்தினால் சாய்கிறது.

இந்த வருஷம் திரும்பக் கட்டப் போகிறேன், இந்த முறை கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றுதான் இந்த இழை. வீடியோக்களில் வருபவர்கள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள். அவர்கள் சொல்லும் பொருள் கும்பகோணத்தில் எந்தக் கடையில் கேட்பது என்றே தெரியவில்லை, கிடைத்தாலும் நம் காற்றுக்குத் தாங்குமா என்று அவர்களுக்கும் தெரியாது.

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்தது, ஆளுக்கொரு பாத்திரமாகி, அதற்கான பொம்மையை மேசையில் நகர்த்தி ஆடும் கதை ஆட்டம். இப்போது பரவலாக ஆடும் முறையில் கதைக்குள் ஐந்தடி என்பது மேசையில் ஒரு கட்டம், ஓர் அங்குலம். பொம்மைகள் 28 மி.மீ. அளவைச் சேர்ந்தவை, மனித உருவத்தின் வட்ட அடித்தட்டு பெரும்பாலும் 25 மி.மீ. ஆகவே தரை, சுவர், கதவு எல்லாம் அங்குலக் கணக்கில் இருந்தால் இன்றைக்குச் சிறைக்கூடமாக அடுக்கியதை அடுத்த வாரம் கல்லறையாகக் கலைத்து அடுக்கலாம். என் பழைய துண்டுகள் 2க்கு 2 அங்குலம், அரை அங்குலச் சுவரைத் தரையோடு சேர்த்தே ஒட்டியிருந்தேன். எந்தப் பொருளில் செய்யலாம், என்ன அளவு, துண்டுகளை எப்படி இணைப்பது, இந்த மூன்றையும் சொல்லுங்கள்.

குடமுருட்டி எழுதியது:

அண்ணே, தப்பு அட்டையில் இல்லை. மேல் பக்கம் மட்டும் வண்ணம் அடித்து அடிப்பக்கத்தை வெறுமனே விட்டிருப்பீர்கள். பூசிய பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும், பூசாத பக்கம் ஈரம் குடித்து விரியும், வளையாமல் என்ன செய்யும்? மேல், கீழ், நான்கு விளிம்பு, ஆறு முகமும் தண்ணீர் கலந்த ஃபெவிகால் இரண்டு பூச்சு வாங்கியிருந்தால் இவ்வளவு மோசமாகப் போயிருக்காது. அப்போதும் நம் ஊர் அட்டையை நம்பி நான்கு மழைக்காலம் ஓட்ட முடியாது என்பது சரிதான். கரையான் வேறு இருக்கிறது.

நான் சன்போர்டுக்கு மாறிவிட்டேன். ஃபிளெக்ஸ் அடிக்கும் கடையில் போர்டு வெட்டிய ஓரத் துண்டுகளைக் குப்பையில் போடத்தான் வைத்திருப்பார்கள், கேட்டால் கொடுப்பார்கள். 5 மி.மீ. தடிமன் தரைக்குப் போதும். பிவிசி என்பதால் ஈரம் ஏறாது, கரையான் தொடாது. குறை என்னவென்றால் பேனாவால் அழுத்திக் கோடு போட முடியாது, கத்தியால் இரண்டு பக்கமும் சாய்த்துக் கீறித்தான் கல் இடுக்கு எடுக்க வேண்டும். மேல் தோல் வழவழப்பாக இருப்பதால் உப்புத்தாள் தேய்க்காமல் வண்ணம் அடித்தால் நகம் பட்டே உரியும்.

வெண்ணாறு எழுதியது:

சன்போர்டு தரைக்குச் சரி. சுவருக்கு எக்ஸ்.பி.எஸ். பலகையைத் தேடுங்கள். மொட்டைமாடி வெயில் இறங்காமல் இருக்கப் பதிக்கிறார்களே, அதேதான். தஞ்சாவூரில் அந்த வேலை எடுத்துச் செய்யும் ஒருவரிடம் கேட்டு ஒரு சாக்கு நிறைய வெட்டு மிச்சம் வாங்கி வந்தேன். தெர்மாகோலும் அதுவும் ஒரே பாலிஸ்டைரீன்தான். தெர்மாகோல் முத்து முத்தாகப் பொரித்து ஒட்டவைத்தது, வெட்டினால் முத்து உதிரும். எக்ஸ்.பி.எஸ். உருக்கிப் பிதுக்கி எடுத்தது, உள்ளே எல்லாம் மூடிய நுண்ணறைகள், அதனால் தண்ணீர் உள்ளே போகாது, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தினால் கோடு அப்படியே நிற்கும்.

கல் முகம் வருவதற்கு அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டச் சொல்வார்கள். அது நன்றாகவே வரும். என் வழி வேறு. நம் டெல்டா முழுக்க வண்டல், கையில் எடுக்க ஒரு பாறை கிடையாது, பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியிலிருந்துதான் வந்து சேர்ந்தது. ஆனால் வீட்டில் அம்மி இருக்கிறது. புதிதாகக் கொத்திய அம்மியில் பலகைத் துண்டைக் கவிழ்த்து வைத்து உள்ளங்கையால் நன்றாக அழுத்தி எடுங்கள். உளி பட்ட கருங்கல் தளம் அப்படியே பதிந்துவிடும். ஒவ்வொரு முறையும் திருப்பித் திருப்பி அழுத்தினால் ஒரே அச்சு மாதிரி தெரியாது. அம்மாவிடம் கேட்டுவிட்டு, முடிந்ததும் கழுவி வையுங்கள்.

ஒட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. இரண்டு ஃபோம் பலகைக்கு நடுவில் வெள்ளைப் பசை வைத்தால் அதிலிருக்கும் தண்ணீர் வெளியேற வழி கிடையாது. மார்கழிப் பனியில் மூன்று நாள் ஆகியும் உள்ளே பச்சையாகவே இருந்தது. பசையை மெல்லியதாகத் தடவி, பல்குச்சி குத்தி, மேலே கனம் வைத்து விட்டுவிடுங்கள்.

அரசலாறு எழுதியது:

வெண்ணாறு சொன்னதைப் படித்துவிட்டு டிவி பெட்டிக்குள் வந்த தெர்மாகோலில் ஒரு சோதனை செய்தேன். கறுப்பு ஸ்பிரே அடித்த ஐந்தாவது நிமிடம் மூலை எல்லாம் கரைந்து கரையான் அரித்த கட்டை போல ஆகிவிட்டது. உடனடிப் பசையை ஒரு சொட்டு விட்ட இடத்தில் குழி விழுந்தது. இது ஏன்?

வெண்ணாறு எழுதியது:

முன்பே சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள். பாலிஸ்டைரீனைக் கரைக்கும் திரவம்தான் அந்த ஸ்பிரேயில் வண்ணத்தைச் சுமந்து வருகிறது. தின்னர், அசிட்டோன், பெட்ரோல், நாற்காலிக்கு ரெக்சின் ஒட்டும் ரப்பர் பசை எதுவும் ஆகாது. உடனடிப் பசையும் அரிக்கும். வெள்ளைப் பசை ஆகும், இரண்டு குழாயிலிருந்து கலக்கும் எபாக்சி ஆகும்.

முதல் பூச்சுக்கு, ஃபெவிகாலில் கறுப்பு அக்ரிலிக்கும் கொஞ்சம் தண்ணீரும் கலந்து பிரஷால் எல்லா முகமும் அடியுங்கள். அது நிறமும் கொடுக்கும், மேலே ஒரு தோலும் போடும். அந்தத் தோல் இல்லையென்றால் நகம் பட்டாலே வெள்ளை தெரியும். அப்புறம் சாம்பல் நிறத்துக்குச் சின்னப் புட்டி வண்ணங்களை வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். பெயிண்ட் கடையில் ஒரு லிட்டர் வெள்ளை எமல்ஷனும் அதில் நிறமேற்றக் கறுப்பு, பழுப்பு ஸ்டெய்னர் குப்பிகளும் போதும், ஊரையே கட்டலாம். பிரஷைத் தொட்டு, பழைய துணியில் அநேகமாக எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மேடான இடத்தை மட்டும் உரசிப் போக வேண்டும். கறுப்பு, கரும்சாம்பல், வெளிர்சாம்பல் என்று மூன்று நடை. அவ்வளவுதான்.

சூடான கம்பியால் வெட்ட நினைப்பவர்கள் 12 வோல்ட் அடாப்டரில் நைக்ரோம் கம்பி போட்டுச் செய்யுங்கள், வீட்டு மின்சாரத்தில் நேரடியாகக் கொடுத்து உயிரோடு விளையாட வேண்டாம். அந்தப் புகை நெஞ்சுக்குக் கெடுதல், கொல்லையிலோ மாடியிலோ காற்று வீசும் பக்கம் முதுகைக் காட்டி உட்காருங்கள்.

ஓடம்போக்கி எழுதியது:

நான் திருவாரூர். வருஷா வருஷம் நவராத்திரிக்குக் கொலு பார்க் வைக்கிற வீட்டில் வளர்ந்தவள், கேழ்வரகு முளைக்கவைத்து வயல் காட்டுவது, கண்ணாடித் துண்டு வைத்துக் குளம் காட்டுவது எல்லாம் பாட்டியிடம் கற்றது. அந்தக் கை பழக்கம்தான் இப்போது இதில் இருக்கிறது. எனக்கு ஒரு கேள்வி. எல்லாரும் ஏன் கருங்கல் நிலவறை கட்டுகிறீர்கள்?

எங்கள் வீட்டுக் கிணற்றில் கார்த்திகை மாதம் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடும். இந்த மண்ணில் தரைக்கடியில் ஓர் அறை இருந்தால் அது உலர்ந்து இருக்கவே இருக்காது. முழங்கால் தண்ணீர் நிற்கும், சுவரில் போன வெள்ளத்தின் கறை ஒரு கோடாகத் தெரியும், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக இருக்கும், காரை பாதி உதிர்ந்திருக்கும். தஞ்சாவூரில் சேவப்ப நாயக்கன் ஏரியிலிருந்து சிவகங்கைக் குளத்துக்கும் அங்கிருந்து அய்யன்குளத்துக்கும் தரைக்கடியிலேயே தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார்கள். அதைவிட நல்ல நிலவறை எங்கே கிடைக்கும்? என் கதையில் மதகைத் திறந்தால் அறை நிறையும், ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே சாவியைத் தேட வேண்டும். போன மாதம் அதை ஆடினோம், என் தம்பி மகன் ஆட்டம் முடியும் வரை எழுந்தே நின்றான்.

செய்முறையும் சொல்கிறேன். ஓர் அங்குலம் ஐந்தடி என்றால் அறுபதில் ஒரு பங்கு. ஒன்பது அங்குலச் செங்கல் இதில் 4 மி.மீ. கூட வராது. சுவர் முழுக்க அதைக் கீறினால் கண்ணும் போகும், பார்க்கவும் கசகசவென்று இருக்கும். பால் பவுடர் டின் தகட்டில் ஒரு பட்டை வெட்டி 5க்கு 2 மி.மீ. செவ்வகமாக மடித்தால் அதுவே அச்சு. அசலைவிடக் கொஞ்சம் பெரிதுதான், ஆனால் மேசையில் அதுதான் செங்கல்லாகத் தெரிகிறது. காரை உதிர்ந்ததாகக் காட்ட வேண்டிய இரண்டு மூன்று திட்டில் மட்டும் அச்சை அழுத்திவிட்டு, மீதிச் சுவரில் பெயிண்டர்கள் பூசும் பட்டியில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து மெல்லிசாக இழுத்துவிடுங்கள். திட்டின் ஓரம் ஒழுங்கில்லாமல் இருந்தால்தான் நம்பும்படி இருக்கும். தண்ணீருக்குத் தரையைப் பாசிப் பச்சையும் பழுப்பும் கலந்து அடித்து, அதன் மேல் புத்தகத்துக்கு அட்டை போடும் தெளிந்த பிளாஸ்டிக் தாளை வெட்டி வைக்கிறேன். எடுத்துவிட்டால் உலர்ந்த தரை, வைத்தால் வெள்ளம்.

பாமணி எழுதியது:

அக்கா சொன்ன வெள்ளக் கறை எனக்கு மனதில் நின்றுவிட்டது. நான் மன்னார்குடி. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது எங்கள் தெருவில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, தோப்பில் நின்ற தென்னை எல்லாம் படுத்துவிட்டது, அப்பா யாரிடமும் பேசவில்லை. சாயங்காலம் ஆனால் சித்தப்பா பையன்களை வைத்துக்கொண்டு கூடத்துச் சிவப்புத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, புளியங்கொட்டையைப் பூதமாக வைத்து ஆட ஆரம்பித்தோம். விளக்கு வெளிச்சத்தில் ஒருநாள் அப்பாவும் வந்து உட்கார்ந்தார். எனக்கு இந்த ஆட்டம் அங்கே பிடித்தது.

சரி, கேள்விக்கு வருகிறேன். நான் களிமண்ணில் செய்து சுடலாம் என்று இருக்கிறேன். சுவாமிமலையில் விக்கிரகம் வார்க்க மெழுகின் மேல் காவிரி வண்டலைப் பூசுகிறார்கள், அவ்வளவு நைசான மண். தெரிந்த வேளார் ஒருவர் சூளையில் வைத்துத் தருகிறேன் என்கிறார்.

வெட்டாறு எழுதியது:

பாமணி தம்பி, மண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும், பத்தில் ஒரு பங்கு வரைகூடச் சுருங்கலாம், எல்லாத் துண்டும் ஒரே அளவு சுருங்காது. 3 அங்குலத்துக்கு வெட்டிய நாற்பது துண்டில் கால் அங்குலம் வித்தியாசம் வந்தால் எதுவும் எதோடும் சேராது. கனமும் அதிகம். தரைக்கு வேண்டாம். தூண், உடைந்த சிலை, தொட்டி, பானை, இவற்றைச் சுட்டுக்கொள்ளுங்கள், அங்கே ஒரு மி.மீ. கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

அரசலாற்றுக்கு இப்போது. பொருளைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், அளவைப் பற்றி யாரும் பேசவில்லை, எனக்கு அதுதான் முக்கியம். உங்கள் பழைய துண்டு 2க்கு 2, அதன் மேலேயே அரை அங்குலச் சுவர். இரண்டு பக்கமும் சுவர் வைத்தால் நடுவில் ஓர் அங்குலம்தான் மிஞ்சும், பத்தடிப் பாதை ஐந்தடியாகிவிடும், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்க முடியாது. சுவரைத் துண்டுக்கு வெளியே தள்ளி ஒட்டினால் அடுத்த அறையின் கட்டம் அரை அங்குலம் நகர்ந்துவிடும். நான் மூன்று செட் கட்டி மூன்றிலும் இதில் மாட்டிக்கொண்டேன். அப்புறம்தான் சுவரையே ஒரு முழுக் கட்டம் தடிமனாக வைத்தேன். ஓர் அங்குலத் தடிமன், ஐந்தடிச் சுவர். பார்க்க மொத்தையாக இருக்குமே என்று தோன்றும். தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்குள் போய், கீழ்த்தளத்து வளைகூரை அறைகளில் நின்று பாருங்கள். பெரிய கோயில் கருவறையைச் சுற்றி இரண்டு சுவருக்கு நடுவில் ஒரு நடை இருக்கிறது, சோழர் ஓவியம் இருக்கும் இடம், அந்தச் சுவர்களின் கனத்தை நினைத்துப் பாருங்கள். பழைய கட்டடத்துக்குத் தடித்த சுவர்தான் இயல்பு.

இப்படி வைத்தால் சுவரைத் தரையில் ஒட்டவே வேண்டாம். தரை வெறும் 3க்கு 3, 6க்கு 6 பலகை. சுவர் தனிக் கட்டைகள், 1 அங்குலம், 2 அங்குலம், 3 அங்குலம் நீளத்தில். தரை மேல் எங்கே வேண்டுமானாலும் கட்டத்தில் உட்காரும். உயரம் முக்கால் அங்குலம் போதும், நாம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆடுபவர்கள், உயரச் சுவர் வைத்தால் எதிரில் இருப்பவருக்கு பொம்மை தெரியாது.

குடமுருட்டி எழுதியது:

அளவு அருமை. ஆனால் ஒட்டாத ஃபோம் சுவர் ஃபேன் போட்டால் பறக்குமே. நான் காந்தம் வைக்கிறேன், 5 மி.மீ. வட்டக் காந்தம், துண்டின் ஒவ்வொரு ஓரத்திலும் இரண்டு. வெளியிலிருந்து பார்க்கும்போது எல்லா ஓரத்திலும் இடது பக்கம் வடக்கு, வலது பக்கம் தெற்கு என்று வைத்துவிட்டால் எந்த ஓரமும் எந்த ஓரத்தோடும் கவ்வும், ஒன்றின் இடது எதிரே மற்றதன் வலது வரும் அல்லவா. ஒன்றைத் தலைகீழாக ஒட்டிவிட்டால் மட்டும் அந்தத் துண்டு வாழ்நாள் முழுக்கத் தள்ளிக்கொண்டே இருக்கும், அதனால் ஒட்டுவதற்கு முன் ஸ்கெட்ச் பேனாவால் குறி வையுங்கள்.

வெட்டாறு எழுதியது:

40 துண்டுக்கு 320 காந்தம் ஆகிறது தம்பி. தரைக்கு அடியில் ஒரு சணல் சாக்கை விரித்துப் பாருங்கள், அந்த முரட்டு நெசவில் துண்டு நகராது. சுவருக்கு அடியில் ஒரு குழி தோண்டி இரும்பு வாஷரை எபாக்சியில் பதித்தால் ஃபேன் மூன்றில் வைத்தாலும் அசையாது. பணம் மிஞ்சினால் கதவுக்குக் காந்தம் வையுங்கள், திறந்து மூடும்போது கையில் ஒரு சுகம் இருக்கிறது.

கல்லணைக் கால்வாய் எழுதியது:

நெட்டியை யாரும் சொல்லவில்லையே. தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. குளத்திலும் ஈர நிலத்திலும் வளரும் செடியின் தண்டு, தோலைச் சீவினால் உள்ளே தந்தம் போல வெள்ளை. நல்ல கத்தி இருந்தால் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும், அதில் கோபுரம் முழுவதையும் பொம்மை வரிசையோடு செய்து வைக்கிறார்கள். நான் தூண் போதிகை, சின்ன யாளி, உடைந்த மாடம் எல்லாம் அதில்தான் செய்கிறேன். பஞ்சு போலத் தண்ணீர் குடிக்கும், தண்ணீர் வண்ணம் அடித்தால் உப்பிவிடும், அதனால் முதலில் ஷெல்லாக் வார்னிஷ் மெல்லியதாகக் கொடுத்துக் காயவிடுங்கள். தேய்மானம் படும் தரைக்கும் சுவருக்கும் நெட்டி வேண்டாம். ஷெல்லாக்கில் ஸ்பிரிட் இருக்கிறது, ஃபோம் மேல் ஒட்டுவதற்கு முன்பே பூசி முடித்துவிடுங்கள்.

கதவில் புடைப்பு வேலைக்குத் தஞ்சாவூர் ஓவியத்தில் மக்கு வைக்கும் முறையே போதும், சுண்ணாம்புக்கல் பொடியும் கோந்தும். கூம்பு சுற்றி மெஹந்தி போடுவது போலக் கோடு இழுக்கலாம்.

பாமணி எழுதியது:

மனோராவைக் கட்ட ஆசை. சரபேந்திரராஜன்பட்டினத்தில் சரபோஜி கட்டிய கோபுரம், நெப்போலியன் தோற்றதற்காக. ஆறு பட்டை. சதுரக் கட்டத்தில் அதை எப்படி உட்காரவைப்பது?

வெட்டாறு எழுதியது:

உட்காராது. 6 அங்குலப் பக்கம் வைத்து ஆறு சமபக்க முக்கோணமாக வெட்டிச் சேர்த்து அதைத் தனி அறையாக வையுங்கள், வாசல் ஒரு பக்கம் மட்டும் 2 அங்குலம், அந்த வாசல் வழியாக மற்ற தரையோடு சேரட்டும். உள்ளே கட்டம் கோடு போடாமல் அங்குல ஸ்கேலை வைத்து அளந்து நகர்த்தச் சொல்லுங்கள்.

அரசலாறு எழுதியது:

மூன்று வாரம் ஆயிற்று. செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

தரைக்குச் சன்போர்டு, 3க்கு 3 அளவில் 24, 6க்கு 6 அளவில் 4. சுவருக்கு எக்ஸ்.பி.எஸ்., ஓர் அங்குலத் தடிமன், மூன்று நீளத்திலும் சேர்த்து 60. எல்லாவற்றையும் வெட்ட ஒரே ஒரு இரும்பு அளவுகோலைத்தான் பயன்படுத்தினேன், பழைய செட்டில் இரண்டு ஸ்கேலை மாற்றி மாற்றி வைத்ததில் ஒரு மி.மீ. தப்பு வந்து அது பத்து துண்டில் ஒரு சென்டிமீட்டராக நின்றது இப்போதுதான் புரிகிறது. கத்தி அலகை நாலு வெட்டுக்கு ஒரு முறை உடைத்துப் புதுமுனைக்கு வந்தேன், மொண்ணை அலகு ஃபோமைப் பிய்க்கிறது.

அம்மி அச்சு பாதிச் சுவரில், ஓடம்போக்கி அக்கா சொன்ன உதிர்ந்த காரை மீதியில். ஒரே உயரம் என்பதால் கருங்கல் சுவரும் செங்கல் சுவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, கீழே கட்டியவர் ஒருவர், பின்னால் பழுதுபார்த்தவர் வேறொருவர் என்பது போல இருக்கிறது. நான் யோசித்து வைக்கவில்லை, அதுவாக வந்தது. வெள்ளக் கறைக்குப் பழுப்பு ஸ்டெய்னரில் தண்ணீர் நிறைய விட்டு எல்லாச் சுவரிலும் கால் அங்குல உயரத்தில் ஒரே கோடாக இழுத்தேன். அறைக்கு அறை அந்தக் கோடு தொடர்ந்து போவதைப் பார்த்ததும் என்னோடு ஆடும் நான்கு பேரும் ஒரு நொடி பேசாமல் இருந்தார்கள்.

ஒரு சந்தேகம் பாக்கி. போன முறை பரணில் வைத்துத்தான் கெட்டது. இந்த முறை மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி வாங்கியிருக்கிறேன். பூச்சி வராமல் அந்துருண்டை போட்டு வைக்கலாமா?

வெண்ணாறு எழுதியது:

போடவே போடாதீர்கள்! அந்துருண்டையின் நாஃப்தலீன் ஆவி பாலிஸ்டைரீனை இளக்கிவிடும், மூடிய பெட்டிக்குள் என்றால் கேட்கவே வேண்டாம், சுவர் எல்லாம் பிசுபிசுத்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஃபோமைத் தின்ன வெள்ளிப்பூச்சி வராது, நெட்டியும் மக்கும் இருந்தால் அவற்றைத் தனி டப்பாவில் வசம்போடு வையுங்கள். பெரிய பெட்டியில் புதுச் செருப்பு வாங்கும்போது வருமே, ஈரம் உறிஞ்சும் பொட்டலம், அதில் நாலைந்து போட்டு, துண்டுகளுக்கு நடுவில் பழைய பருத்தித் துணி. வண்ணம் தொட்டால் காய்ந்தது மாதிரி இருந்தாலும் ஒரு வாரம் திறந்தே கிடக்கட்டும், அப்புறம் மூடுங்கள். பரண் வேண்டாம், கட்டிலுக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்து அதன் மேல் வையுங்கள்.